கோப்பியும் தேயிலையும் துண்டுக் கடதாசியும்

ஒரு நாட்டின் வருவாய் ஒரே பயிரை நம்பி நிற்குமாயின், அப்பயிரைப் பற்றும் நோய் நாட்டையே பற்றும் நோயாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை இதனை நேரிற் கண்டது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, அப்பூஞ்சணத்துக்கு ‘ஹெமிலியா வஸ்ரற்றிக்ஸ்’ எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பாதிக்குப் ‘பாழ்படுத்துவது’ என்பது பொருள். பெயர் பொய்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி பெயரளவாய்ச் சுருங்கிற்று.

ஆயினும் நாடு பாழாகவில்லை. கோப்பி பட்டுப்போன அதே மலைச்சரிவுகளிலே தேயிலை தளிர்த்தது. இம்மாற்றத்தை எழுதுவோர் தோட்டத்துரைமாரின் துணிவையும், ஜேம்ஸ் ரெயிலரின் பொறுமையையும், பேராதனை அறிஞரின் உழைப்பையும் விதந்தோதுவது வழக்கம். ஆர்தர் கொனன் டொயில் என்னும் ஆங்கிலக் கதாசிரியரும் அத்துணிவை ஒரு சிறுகதையிலே பாராட்டியுள்ளார். பாராட்டுக்கு இடமில்லாமலில்லை. ஆனால், பட்ட கோப்பி மரங்களைப் பிடுங்கியோர் யார், தேயிலைக் குழி வெட்டியோர் யார், இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் வித்தையைப் பழகியோர் யார் என்ற கேள்விகள் அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுகின்றன. ஒரு தொழில் சாய்ந்து மற்றொரு தொழில் எழுவதென்றால், முதலும் நிலமும் கைமாறினால் மட்டும் போதாது. பல்லாயிரம் மனிதர் தம் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்கள் எவ்வாறு மாறினர், அம்மாற்றத்தின் பயன் யார் கையைச் சேர்ந்தது என்பன இலங்கை வரலாற்றில் நின்று நோக்கத்தக்க பொருள்கள்.

கோப்பியின் உயர்நிலை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1820களில் கம்பளையிலும் கன்னொறுவையிலும் சிறிதாய்த் தொடங்கிய பயிர், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அங்கே விளைவு குன்றியபின் விரைந்து பெருகியது. 1847, 1848ஆம் ஆண்டுகளில் ஒரு பெரும் சரிவு வந்து நீங்கியது. 1870இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரை எட்டியது. 1878இல் கோப்பி நின்ற நிலம் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கர். நோய் தோன்றி ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் பயிர்நிலம் விரிந்ததென்பது வியப்பன்றோ? காரணம் விலை. உலகச் சந்தையிற் கோப்பி விலை அக்காலத்தில் ஏறியமையால், மரமொன்றின் காய்ப்புக் குறைந்ததைப் பலர் பொருட்படுத்தவில்லை. நோயைத் தெளிவாக ஆராய்ந்த மார்ஷல் வோட் 1880இல் இங்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது.

கோப்பித் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போனவர்கள். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டு, பாக்குநீரிணையைத் தோணிகளிற் கடந்து மன்னாரில் இறங்குவர். அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை வரை நடை. குடிநீரின்மையாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். மலையேறியவர்கள் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் கூலியைப் பெற்றுக்கொண்டு தம் ஊரின் வயல் வேலைக்குத் திரும்புவர். ஊரில் வேலையற்ற மாதங்களும் கண்டி மலைகளில் ஆள் வேண்டிய மாதங்களும் ஒன்றுக்கொன்று ஓரளவு பொருந்தியிருந்தன. தென்னிந்தியாவில் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் பரவியபோது, ஓராண்டில் வந்திறங்கியோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிற்று. வேலை இருக்குமிடத்தை நாடி நடப்பது அவர்களுக்குப் புதிதன்று. நடக்கத் தவறினால் உணவில்லை.

விலை ஏற்றத்தினால் மறைந்திருந்த அழிவு 1880களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. துரைமார் சிலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அவ்வங்கியின் நோட்டுக்களே மக்கள் கையில் வழங்கியமையால், தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தின் பொறுப்பில் அவற்றுக்கு உறுதி கூறிக் குழப்பத்தைத் தணித்தார். நோட்டு வைத்திருந்தோருக்கு இவ்வாறு உடனே பாதுகாப்புக் கிடைத்தது. பல மாதக் கூலி நிலுவையாய் நின்ற தொழிலாளர் நிலை வேறு. முறிந்த தோட்டத்தை ஈட்டுக்காரன் எடுத்துக்கொண்டால் கூலியை யாரிடம் கேட்பது? அதே ஆண்டிலே கூலி நிலுவையைத் தோட்டத்தின்மீதான முதற் பொறுப்பாக்கிச் சட்டம் செய்யப்பட்டது. 1889இல், மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கூலி கொடுபடவேண்டுமென மற்றொரு சட்டம் வந்தது. அறுபது நாள் என்பதையே ஒரு சீர்திருத்தமாகக் கருத வேண்டியிருந்ததென்றால், அதற்கு முன்னிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

வேலையிழந்தோர் பலவாறு பிரிந்தனர். ஒரு பகுதியார் ஊர் திரும்பினர். ஒரு பகுதியார் நாவலப்பிட்டியிலிருந்து மேலேறி 1885இல் நானுஓயாவை அடைந்த புகையிரதப் பாதை போன்ற பொதுவேலைகளை நாடினர். பிறர் சிங்கோனாப் பயிருக்கு மாறினர். காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் இம்மரம் 1861 முதல் ஹக்கலைப் பூந்தோட்டத்தில் வளர்க்கப்பட்டு வந்தது. கோப்பியை இழந்தவர்கள் கைக்கெட்டிய கிளையைப் பற்றுவார்போல அதனைப் பற்றினர். 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் மரப்பட்டை கப்பலேறியது. எல்லோரும் ஒரே சந்தைக்கு ஒரே சரக்கைச் சுமந்து சென்றால் விலை என்னாகும்? பன்னிரண்டு சிலிங் அளவில் விற்ற ஓர் அவுன்சுக் கொயினா சில ஆண்டுகளில் இரண்டு சிலிங்குக்கும் கீழே இறங்கிற்று. சிங்கோனா ஒரு தங்குமடமாயிருந்தது. அம்மடத்திலே ஐந்தாறு ஆண்டுகள் தங்கியதனாலேயே, தேயிலை வளரும்வரை பல தோட்டங்கள் தம் ஆட்களைக் கலைந்துபோகாமல் வைத்திருக்க முடிந்தது.

தேயிலையின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஸ்கொத்லாந்தினரான ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இலைகளைத் தம் பங்களா விறாந்தையில் மேசைமீது வைத்துக் கைகளால் உருட்டுவித்தார். 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதற் பொதி இருபத்துமூன்று இறாத்தல். 1875இல் நாடு முழுவதும் தேயிலை நின்ற நிலம் ஆயிரம் ஏக்கரளவே. 1895இல் அது மூன்று இலட்சத்தை எட்டியது. 1900இல் ஏற்றுமதி பதினான்கு கோடி இறாத்தலைக் கடந்தது. வாழ்நாள் முழுவதும் லூல்கந்துரையிலே உழைத்த ரெயிலர் 1892இல் அங்கேயே காலமானார்.

இத்துணை விரைவு எவ்வாறு இயன்றது? காடு வெட்டுதல், சரிவிற் கான் தோண்டுதல், நாற்று மேடை அமைத்தல், களை பிடுங்குதல், கவ்வாத்து ஆகியவை கோப்பியிலே கைவந்த வேலைகள். அவை தேயிலைக்கும் உதவின. பழைய வேலையும் புதிய வேலையும் பாதிக்குப் பாதி ஒத்திருந்தமையால், ஆட்கள் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குச் சென்றதும் வேலை தொடங்க முடிந்தது. புதிதாய்ப் பழகவேண்டியவை கொழுந்து பறித்தலும், வாடவைத்து உருட்டிப் பதப்படுத்தும் தொழிற்சாலை வேலையுமே.

கொழுந்து பறித்தல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. கோப்பிப் பழம் ஆண்டில் ஒரு பருவத்துக்கே பெருந்தொகையான ஆட்களை வேண்டியது. தேயிலையோ ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. ஏக்கருக்கு ஓராள் என்பது தோட்டங்களில் வழங்கிய கணக்கு. பெண்களின் விரல்கள் இவ்வேலைக்கு ஏற்றவை எனத் துரைமார் கருதினர். ஆகவே, முன்னர் பெரும்பாலும் ஆடவர் மட்டும் வந்துபோன மலைகளுக்கு இப்போது குடும்பங்கள் வந்தன; வந்தவை தங்கின. 1891ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே தோட்டங்களில் வாழ்ந்தோர் இரண்டரை இலட்சத்துக்கு மேல். 1901இல் அத்தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. வரிசை வரிசையான லயன் காம்பராக்களிலே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையை உருவாக்கியது தேயிலையே. பொருளியலார் ‘தொழில் மாற்றம்’ என இரு சொல்லில் முடிப்பது, இங்கே ஒரு சமுதாயத்தின் குடியேற்றமாயிற்று.

தோட்டத்துக்கு வெளியிலும் பலர் மாறவேண்டியிருந்தது. கொழும்பிலே கோப்பிக் கொட்டைகளைத் தெரிந்து தரம் பிரித்த பெண்கள் பிற பண்டசாலைகளை நாடவேண்டியதாயிற்று. கண்டியில் 1854இல் தொடங்கப்பெற்ற வாக்கர் நிறுவனத்தார் கோப்பிப் பழத்தின் தோல் நீக்கும் யந்திரங்களைச் செய்து வந்தவர்கள். பின்னர் தேயிலை யந்திரங்களைச் செய்தனர். அங்கே இரும்பு வேலை கற்றவனுக்கு அதே பட்டறையில் வேலை தொடர்ந்தது.

மாற முடியாதவர்களும் இருந்தனர். அவர்களைக் கூறாமல் இவ்வரலாற்றைக் கூறுதல் முறையன்று. கண்டிப் பகுதியின் சிங்களக் குடியானவர் தம் வீட்டைச் சூழ்ந்த நிலத்திலே கோப்பி வளர்த்து வந்தனர். நெல்வயலுக்குரிய வரியைப் பணமாகச் செலுத்த அதுவே அவர்களுக்குக் கைகொடுத்தது. நோய் அவர்கள் மரங்களையும் விடவில்லை. தேயிலைக்கு மாறுவதென்றால், பறித்த கொழுந்தைத் தாமதமின்றித் தொழிற்சாலைக்குச் சேர்க்க வேண்டும். குடியானவனுக்குத் தொழிற்சாலை ஏது? வயலைக் கைவிட்டு லயனிற் குடியேறி, விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நிற்பதும் அவனுக்கு ஒவ்வவில்லை. இதனைச் சோம்பல் என எழுதிய ஆங்கிலேயர் உண்டு. கைந்நிலம் உள்ளவன் அதனை இழக்க அஞ்சுவது சோம்பலாகாது. வரி நிலுவைக்காக வலப்பனைப் பகுதியில் வயல்கள் விற்கப்பட்டன. பசியும் நோயும் பரவின. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் அத்துயரத்தை மேலதிகாரிகளுக்கு எடுத்துரைத்தார். 1892இல் அவ்வரியை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. விற்கப்பட்ட வயல்களுக்கு அது பிந்திய மருந்து.

இனி, மாறியவர்கள் பெற்ற பயனை நோக்கலாம். ஆட்கள் வேண்டிய தொழில் கூடுதலாகக் கொடுத்து அவர்களை அழைத்துக்கொள்ளும்; கூடுதலாகப் பெறுவோமென அறிந்து அவர்களும் செல்வர்; இவ்வாறே உழைப்பு, வேண்டாத இடத்திலிருந்து வேண்டிய இடத்துக்கு நகரும் என்பர் பொருளியலார். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி இலங்கைத் தோட்டத் தொழிலாளி மாத ஒப்பந்தக்காரன். ஒரு மாத அறிவித்தல் கொடுத்து அவன் நீங்கலாம். அறிவித்தலின்றி நீங்கினாற் சிறைத்தண்டனைக்கும் ஆளாவான். சட்டத்தின் எழுத்திலே, பிற குடியேற்ற நாடுகளில் ஐந்தாண்டு முறியிற் கட்டுண்டவனைவிட அவன் சுதந்திரன். தேயிலை பரந்து ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவன் கூலி பன்மடங்கு உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை. ஆடவனின் நாட்கூலி 33 சத அளவிலே நெடுங்காலம் நின்றது.

காரணம் ஒரு சிறு கடதாசியில் இருந்தது. தொழிலாளர் அதனைத் துண்டு என்றனர். ஆங்கிலேயரும் தம் அறிக்கைகளில் அத்தமிழ்ச் சொல்லையே எழுதினர். ஊரிலிருந்து புறப்படும்போதே பயணச் செலவு, பழைய கடன், குடும்பத்துக்கு விட்டுச்செல்லும் பணம் எனத் தொழிலாளி பெயரில் ஒரு தொகை எழுதப்படும். அதைத் துரையிடமிருந்து பெறுபவர் தலைக்கங்காணி. கணக்கு வைத்திருப்பவரும் அவரே. தொழிலாளி எழுதப்படிக்க அறியாதவன். ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணிக்குத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகை செலுத்தப்படின் இக்கங்காணியும் இத்தனை ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்பது அதன் வாசகத்தின் கருத்து. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு தோட்டந்தோறும் செல்வார். ஆள் வேண்டிய துரை அத்தொகையைச் செலுத்தி, மேலும் ஒரு முற்பணம் கங்காணிக்குக் கொடுத்துக் கூட்டத்தை அழைத்துக்கொள்வார். கொடுத்தது அனைத்தும் ஆட்களின் பெயரிற் புதிய கடனாக எழுதப்படும்.

ஓர் எடுத்துக்காட்டாக, ஐம்பது பேர் கொண்ட கூட்டத்தில் ஆளுக்கு முப்பது ரூபாக் கடன் என வைத்துக்கொண்டால், துண்டின் மதிப்பு ஆயிரத்தைந்நூறு ரூபா. புதிய துரை அதனைத் தீர்த்து, மேலும் ஐந்நூறு ரூபா கங்காணிக்குக் கொடுப்பாராயின், ஆளொன்றுக்குக் கடன் நாற்பது ரூபாவாகிறது. தொழிலாளி தோட்டம் மாறினான். உழைப்பு வேண்டிய இடத்தை அடைந்தது. பொருளாதாரத்தின் தேவை நிறைவேறிற்று. ஆனால் ஆட்களுக்காகத் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கொடுத்த விலை, அவன் மடியிற் கூலியாக விழாமல் அவன் தலையிற் கடனாக ஏறியது. நாட்கூலி 33 சதமாயின், மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தாலும் எட்டேகால் ரூபா. அரிசிக்கும் பிறவற்றுக்கும் கழித்தபின் நாற்பது ரூபா எப்போது தீரும்? எத்தனை முறை வேலை மாறினானோ, அத்தனைக்கு அவன் கட்டு இறுகியது. துண்டில்லாத ஆளை எந்தத் தோட்டமும் ஏற்றுக்கொள்ளாமையால், சட்டம் அளித்த ஒரு மாத அறிவித்தல் வெறும் எழுத்தாயிற்று.

கங்காணியைக் கொடியவனாகத் தீட்டிவிட்டு இதனை முடித்துவிடுவது எளிது. பல கங்காணிமார் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்தவர்கள். நோயிலும் சாவிலும் துணைநின்றவர்கள். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறுதொகை கொடுத்தது. ஆதலால், ஆட்கள் தம்மை விட்டு நீங்காதிருப்பதே அவர்களின் பிழைப்பு. கடன் வளர வளர அவர்கள் செல்வாக்கும் வளரும்படி முறையே அமைந்திருந்தது. அதனை வளர்த்தவர்கள் துரைமார். முற்பணத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமெனத் தோட்டக்காரர் சங்கக் கூட்டங்களிலே பேசியவர்களும், ஆள் தட்டுப்பட்டபோது மறைவாய் அதிக முற்பணம் கொடுத்து அயல் தோட்டத்துக் கூட்டத்தை இழுத்துக்கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் வந்தபோது இப்போட்டி உச்சமடைந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் புதிய தோட்டங்கள் ஆட்களைத் தேடின. றப்பர் விலை உயர்ந்திருந்தமையால் அவை எவ்வளவும் கொடுக்கத் தயங்கவில்லை. தேயிலைத் தோட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்கள் இறங்கினர். கடன்தொகைகள் முன் கண்டிராத அளவுக்கு ஏறின. 1908இல் அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை நியமித்து விசாரித்தது. கடனின் பெருக்கத்தைக் கண்டு துரைமாரே அஞ்சிய காலம் அது. ஆயிரக்கணக்கான ரூபாவை ஏட்டிலே எழுதி வைத்திருந்த தோட்டத்துக்கு, அது திரும்பி வருமென்ற நம்பிக்கை இல்லை.

தொழிலாளியின் பக்கம் நின்று இதனைக் கேள்விக்குள்ளாக்கியவர்களிற் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முன்னிற்பவர். அரசாங்க உயர்பதவியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரி சங்கத்தையும் அவர் நிறுவினார். வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாகக் கொண்டு மறியலுக்கு அனுப்பும் சட்டத்தை அவர் நேராக எதிர்த்தார். ஓர் உடன்பாட்டை மீறிய வணிகனுக்கு வழக்கும் நட்டஈடும். தொழிலாளிக்கு மட்டும் சிறையா? இந்தியாவிலும் குடிபெயர்வோர் நிலைபற்றிக் கண்டனம் வலுத்தது. அங்கிருந்து ஆட்கள் வருவது தடைப்படுமோ என்ற அச்சம், இங்கே அறிவுரை செய்யாததைச் செய்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. தண்டனை விதிகளும் அதனையொட்டி நீங்கின. ஏடுகளில் நின்ற பழங்கடனிற் பெரும்பகுதியைத் தோட்டங்கள் தள்ளுபடி செய்யவேண்டியதாயிற்று.

தலைக்கங்காணியின் செல்வாக்கு அதனுடன் மறைந்துவிடவில்லை. லயன் வாழ்வும் மாறிவிடவில்லை. எனினும், ஒரு மாத அறிவித்தல் கொடுத்து நீங்கும் தொழிலாளியை ஒரு தொகைக்காகத் தடுத்து நிறுத்தும் கடதாசி இல்லாதொழிந்தது. அவனை வைத்திருக்க விரும்பிய தோட்டம் கங்காணிக்கு முற்பணம் கொடுப்பதை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. இந்திய அரசாங்கம் வற்புறுத்தியதன் பேரில் 1927இல் ஆகக்குறைந்த கூலிக்கான கட்டளைச்சட்டம் நிறைவேறியது. 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடவருக்கு 54 சதம், பெண்டிருக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்கூலி விதிக்கப்பட்டது. கோப்பியை இழந்து தேயிலைக்கு மாறியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே அப்போது மலைகளிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர்.